ஜுராசிக் செர்ட்டிலிருந்து சிற்றினப் பெயர் வரை: ரேடியோலேரியன் புதைபடிவங்களை வகைப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் கிசோ ஆறு இனுயாமா நகரை ஒட்டிப் பாயும் இடத்தில், கரைப்பாறைகள் செந்நிறமும் சாம்பல் நிறமுமாக, விரல் தடிமனிலிருந்து உள்ளங்கை அகலம் வரையிலான அடுக்குகளாக மடிந்து கிடக்கின்றன. செர்ட் என்னும் இந்தச் சிலிக்காப் பாறையின் வயதை நெடுங்காலம் தவறாகவே கணித்திருந்தார்கள். அருகிலுள்ள சுண்ணாம்புக்கல் பாளங்களில் பெர்மியன் காலத்து ஃபியூசுலினிட் என்னும் ஒற்றைச்செல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைத்ததால், செர்ட்டும் பேலியோசோயிக் ஊழியைச் சேர்ந்தது என்பதே பொதுவான முடிவாக இருந்தது. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும், முதலில் பல்போன்ற நுண் புதைபடிவங்களான கோனோடான்ட்களும், அடுத்து ரேடியோலேரியன்கள் என்னும் நுண் கடலுயிரிகளின் ஓடுகளும் அந்த முடிவைத் தலைகீழாக்கின. செர்ட்டின் பெரும்பகுதி டிரையாசிக், ஜுராசிக் காலத்தது என்றும், அதன் மேலுள்ள சேற்றுப்பாறை அதைவிட இளையது என்றும் தெரியவந்தபோது, அந்த நாட்டின் நிலவியல் வரைபடத்தையே திருத்தி வரைய நேர்ந்தது. ஜப்பானிய நிலவியலாளர்கள் இதை இன்றும் ‘ரேடியோலேரியப் புரட்சி’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஓடு இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவர வேண்டுமானால், அதற்கு இடும் பெயர் சரியாக இருந்தாக வேண்டும். பெயர் தவறினால் வயது தவறும், வயது தவறினால் அடுக்கின் வரிசையும் மலை உருவான கதையும் தவறும். அந்தப் பெயரை எப்படிச் சென்றடைவது என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. நிலவியலோ உயிரியலோ ஓரளவு படித்தவர்களையும், நுண்ணோக்கியின் முன் பொறுமையாக உட்காரக்கூடியவர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

எந்த உயிரி, எந்த ஓடு

ரேடியோலேரியன்கள் கடலில் மட்டுமே வாழும் ஒற்றைச்செல் மிதவை உயிரிகள். கேம்பிரியன் காலம் முதல் இன்றுவரை அவை தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன. புதைபடிவ ஆய்வுக்குப் பயன்படுபவை ஓபல் வகைச் சிலிக்காவால் சட்டகம் கட்டும் பாலிசிஸ்டைன்கள் மட்டுமே. அவற்றின் உறவினரான அக்காந்தேரியாவின் சட்டகம் ஸ்ட்ரான்ஷியம் சல்ஃபேட்டால் ஆனது. உயிரி இறந்ததும் கடல்நீர் அதைக் கரைத்துவிடும் என்பதால் பாறையில் அதைத் தேடுவது வீண். பழைய நூல்களில் ரேடியோலேரியன்களாகக் காட்டப்படும் ஃபியோடேரியாவை மரபணு ஆய்வுகள் வேறொரு கிளைக்கு மாற்றிவிட்டன.

மீசோசோயிக் ஊழி, அதாவது சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம், பாலிசிஸ்டைன்களின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். பேலியோசோயிக் கடல்களில் பரவியிருந்த அல்பைலெல்லேரியா வரிசை பெர்மியன் இறுதிப் பேரழிவில் ஏறத்தாழ முற்றிலும் மறைந்தது. அதன் பின் இரண்டு பெரும் வரிசைகள் கடலை நிறைத்தன. அடிப்படையில் கோளச் சமச்சீர் கொண்டவை ஸ்பூமெல்லேரியா. ஒரு முனையில் தலையறை அமைந்து, அங்கிருந்து ஒரே அச்சில் கீழ்நோக்கி வளர்பவை நாசெல்லேரியா. உள்ளே ஸ்பிக்கியூல் என்னும் ஊசிபோன்ற சட்டகத் துண்டையும் வெளியே கோள ஓட்டையும் கொண்ட என்டாக்டினேரியா இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதன் எல்லையைப் பற்றி வல்லுநர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

ஹெக்கல் விட்டுச்சென்ற பொறி

களத்துக்குச் செல்லும் முன் வரலாற்றில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே முளைக்கின்றன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த மாதிரிகளை ஆராய்ந்த எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1887இல் வெளியிட்ட பேரறிக்கையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய ரேடியோலேரியச் சிற்றினங்களை விவரித்தார். அவருடைய வகைப்பாடு வடிவக்கணிதத்தை ஒட்டியது. ஓடுகள் எத்தனை, முட்கள் எத்தனை, கைகள் எத்தனை, அறைகள் எத்தனை என்று எண்ணி, எண்ணிக்கைக்கு ஒரு பேரினமாக அவர் கட்டங்களை நிரப்பிக்கொண்டே சென்றார். பார்க்க அழகான அட்டவணைதான், ஆனால் உயிரிகள் அந்த அட்டவணையைப் பார்த்துப் பரிணமிக்கவில்லை. மூன்று கைகள் கொண்ட தட்டையான பஞ்சு வடிவம் ஜுராசிக் கடலிலும் உண்டு, இன்றைய வெப்பமண்டலக் கடலிலும் உண்டு. கைகளை மட்டும் எண்ணுபவர் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்.

இன்றைய வகைப்பாடு உள்ளிருந்து தொடங்குகிறது. ஓட்டின் மையத்தில் முதலில் உருவான உறுப்பு எது, அதிலிருந்து கதிர்கள் எப்படிப் பிரிந்தன, அவற்றின் மீது ஓடு எப்படிக் கட்டப்பட்டது என்பவை குடும்பத்தைத் தீர்மானிக்கின்றன. வெளி அலங்காரம் பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் உதவும், ஆனால் அதைக் கொண்டு குடும்பத்தைத் தீர்மானிப்பது ஆபத்தானது. இதற்குக் கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரே கொள்கையை நடைமுறைப்படுத்துபவைதாம்.

முதல் படி: பாறையைத் தேர்ந்தெடுத்தல்

அடுக்குச் செர்ட் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் தடிமனுள்ள கடினப் படலமும், அதைப் பிரிக்கும் மெல்லிய களிப்படலமும் மாறி மாறி அமைந்தது. உடைத்த புதுமுகத்தை நாவால் ஈரப்படுத்தி, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்சால் பாருங்கள். கண்ணாடி மணி போன்ற புள்ளிகள் தெரிந்தால் ரேடியோலேரியன்கள் இருக்கின்றன. புள்ளியின் ஓரம் கூர்மையாகவும் அதற்குள் வலைப்பின்னலின் சாயல் தெரிவதாகவும் இருந்தால் அது நல்ல மாதிரி. வெறும் தெளிவான வட்டங்கள் மட்டுமே தெரிந்தால் உள்ளமைப்பு முழுவதும் படிகமாகிக் கரைந்திருக்கலாம், அதைச் சுமந்து செல்வதில் பயனில்லை. வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகள் ஓடும் துண்டுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு செர்ட்டில் கிடைப்பதில்லை. இனுயாமாவுக்கு எதிர்க்கரையில் உள்ள உனுமா பகுதியின் மாங்கனீஸ் கார்பனேட் முண்டுகள் (உருண்டைக் கட்டிகள்) இதற்குச் சிறந்த சான்று. சேறு இறுகுவதற்கு முன்பே கார்பனேட் சூழ்ந்துகொண்டதால், அவற்றிலுள்ள ஓடுகள் நசுங்காமலும் துளைகள் அடைபடாமலும் இருக்கின்றன. அகிரா யாவோ 1970களில் அங்கிருந்து விவரித்த மத்திய ஜுராசிக் சிற்றினங்கள் இன்றும் ஒப்பீட்டுக்கான அடிப்படையாக உள்ளன. உனுமா எகினாட்டஸ் என்ற சிற்றினத்தின் பேரினப் பெயரே அந்த ஊரின் பெயர்தான். ஆகவே செர்ட் அடுக்குகளுக்கிடையே கார்பனேட் முண்டு ஒன்று கண்ணில் பட்டால், மற்ற எதையும் விட அதை முதலில் எடுங்கள்.

இந்தியாவிலும் இத்துறைக்கு வேலை உண்டு. நாகாலாந்தின் ஒஃபியோலைட் (நிலத்தின் மேல் தள்ளப்பட்ட பழைய கடற்தரைப் பாறை) செர்ட்டிலிருந்து ஜுராசிக் ரேடியோலேரியன்கள் விவரிக்கப்பட்டுள்ளன. திருச்சி, பெரம்பலூர் வட்டாரத்து ஊட்டத்தூர் தொகுதியில் காரைப் படிவுகளிலிருந்து கிரெட்டேசியஸ் காலத்தவையும் விவரிக்கப்பட்டுள்ளன. காரைப் படிவு களிப்பாறை என்பதால் அதைக் கரைக்கும் முறை வேறு. அது அடுத்த படியில் வருகிறது.

அடுக்கின் மேல்புறம் எது, மாதிரி எந்தப் படலத்திலிருந்து எடுக்கப்பட்டது, அதற்கு மேலும் கீழும் என்ன இருந்தது என்பவற்றைக் களக்குறிப்பேட்டில் எழுதாமல் ஒரு துண்டையும் பையில் போடக் கூடாது. மடிந்து தலைகீழான அடுக்குகள் நிறைந்த இத்தகைய நிலத்தில், பின்னால் ஞாபகத்தை நம்பி எழுதும் குறிப்பு பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும்.

இரண்டாம் படி: பாறையைக் கரைத்தல்

1885இல் ரூஸ்ட் ஜுராசிக் ரேடியோலேரியன்களை விவரித்தபோது, பாறையை மெல்லியதாகத் தேய்த்து ஒளிபுகச் செய்த வெட்டுத்துண்டுகளையே நம்பியிருந்தார். ஒரு கூம்பைக் குறுக்காக வெட்டினால் வட்டம் கிடைக்கும், சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் கிடைக்கும். அவர் இட்ட பல பெயர்களை இன்று எந்த முழு ஓட்டுடனும் உறுதியாகப் பொருத்த முடியாததற்கு இதுவே காரணம். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் செர்ட்டிலிருந்து முழு ஓடுகளை விடுவிக்கும் முறை பரவிய பின்னரே மீசோசோயிக் ரேடியோலேரியன் ஆய்வு உண்மையில் எழுந்து நின்றது. எமில் பெசாக்னோவும் நியூபோர்ட்டும் 1972இல் அம்முறையை விளக்கி எழுதிய கட்டுரை இதில் பெரும் பங்கு வகித்தது.

ஓடும் சிலிக்கா, பாறையும் சிலிக்கா என்றால் அமிலம் ஒன்றை விட்டு மற்றொன்றைக் கரைப்பது எப்படி என்ற கேள்வி எழலாம். சுற்றியுள்ள பாறை மிக நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்களும் களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் கலந்தது. ஓடோ தன் வடிவத்துக்குள் சற்றுப் பெரிய, தூய படிகங்களாக மாறியிருக்கிறது. இரண்டும் கரையும் வேகத்தில் சிறு வேறுபாடு உண்டு. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்துத்தான் நாம் பிழைக்கிறோம். அமிலத்தில் கூடுதல் நேரம் விட்டால் ஓடும் தேய்ந்து, முட்கள் மழுங்கி, துளைகள் பெரிதாகி, வேறொரு சிற்றினம் போலக் காட்சியளிக்கும்.

நடைமுறை பின்வருமாறு. பாறையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்து, பிளாஸ்டிக் குவளையில் இட்டு, ஐந்து சதவீதத்துக்கு மேற்படாத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஏறத்தாழ ஒரு நாள் ஊறவிட வேண்டும். கண்ணாடிக் குவளையை இந்த அமிலம் தின்றுவிடும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. பிறகு அமிலத்தை வடித்து, துண்டுகளை மெல்லக் கழுவி, கழுவிய நீரை 63 மைக்ரான் சல்லடையில் ஊற்றிப் படிவைச் சேர்க்க வேண்டும். அதே துண்டுகளுக்கு இதையே மூன்று முதல் பல முறை வரை திரும்பச் செய்ய வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து ஊறவிடுவதைவிட, ஒவ்வொரு நாளும் விடுபட்டதை உடனே எடுத்துவிடுவது எப்போதும் நல்லது, ஏனெனில் முதல் நாளே விடுபட்ட மென்மையான ஓடு ஏழாம் நாள் வரை அமிலத்தில் தாங்காது.

பாறையில் கார்பனேட் இருந்தால் முதலில் ஹைட்ரோகுளோரிக் அல்லது அசெட்டிக் அமிலத்தால் அதை முழுவதும் நீக்கிவிட வேண்டும். இல்லையெனில் கால்சியமும் ஃபுளோரினும் சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகி ஓடுகளின் மேல் மாவுபோல் படிந்துவிடும். மாங்கனீஸ் முண்டுகளுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமே பெரும்பாலும் போதும். களிப்பாறையாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்துப் பொடியவிட்டுச் சலிப்பதே முதல் முயற்சியாக இருக்கட்டும்.

எச்சரிக்கையைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டவுடன் பெரும்பாலும் எரியாது. வலி பல மணி நேரம் கழித்து வரும். அதற்குள் அது தசைக்குள் ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிணைத்து, பாதிப்பு பெரிதானால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். புகைவெளியேற்றும் பெட்டி, தகுந்த கையுறை, முகக்கவசம், கைக்கெட்டும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, அருகில் விவரம் தெரிந்த இன்னொருவர் ஆகியவை இல்லாத இடத்தில் இந்தப் படியைச் செய்யவே கூடாது. வீட்டுக் கொல்லையில் முயன்று பார்க்கும் வேலை அல்ல இது. மீந்த அமிலத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கிய பின்னரே அகற்ற வேண்டும்.

மூன்றாம் படி: பொறுக்குதலும் படமெடுத்தலும்

உலர்ந்த படிவைக் கருந்தட்டில் தூவி, இருவிழி நுண்ணோக்கியின் கீழ் ஈரமான மெல்லிய தூரிகை முனையால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அழகானவற்றை மட்டும் பொறுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடங்கொடுத்தால் முட்கள் நிறைந்த பெரிய வடிவங்கள் மட்டுமே பட்டியலில் ஏறி, வயதைத் தீர்மானிக்கும் சிறிய, உருண்டையான, பார்வைக்குச் சாதாரணமான நாசெல்லேரியன்கள் தட்டிலேயே தங்கிவிடும்.

அலகிடும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி மேற்பரப்பைத் தெளிவாகக் காட்டும், உள்ளே இருப்பதைக் காட்டாது. ஆகவே ஒரே வடிவத்தில் குறைந்தது மூன்று ஓடுகளாவது கிடைத்தால், ஒன்றைப் பொன்பூச்சிட்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கும், ஒன்றைக் கனடா பால்சம் என்னும் தெளிந்த பிசினில் பதித்து ஊடுருவும் ஒளியில் பார்க்கவும், ஒன்றை ஊசிமுனையால் உடைத்து உள்ளே பார்க்கவும் ஒதுக்குங்கள். உடைப்பதற்குக் கை தயங்கும். ஆனால் உடைத்த ஒரு ஓடு சொல்வதை உடைக்காத நூறு ஓடுகள் சொல்லாது. நுண் சிடி ஸ்கேன் வசதி இருப்பவர்களுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை.

நான்காம் படி: வரிசையைத் தீர்மானித்தல்

ஓட்டில் ஒரு மேல்முனையும் கீழ்முனையும் உண்டா என்பதே முதல் கேள்வி. உண்டு என்றால் நாசெல்லேரியா, இல்லை என்றால் பெரும்பாலும் ஸ்பூமெல்லேரியா. கேட்க எளிதாக இருக்கும் இந்த விதியில்தான் மீசோசோயிக்கின் மிகப் பெரிய பொறி இருக்கிறது.

ஜுராசிக், கிரெட்டேசியஸ் படிவுகளில் பந்துபோல் உருண்ட, துளைகள் நிறைந்த ஓடுகள் ஏராளமாகக் கிடைக்கும். முதன்முதலில் பார்ப்பவர் அவற்றை ஸ்பூமெல்லேரியா என்று எழுதிவிடுவார். உண்மையில் அவற்றில் பல நாசெல்லேரியன்கள். அவற்றின் சிறிய தலையறையும் அடுத்துள்ள மார்பறையும், மூன்றாவதான ஊதிப் பெருத்த வயிற்றறைக்குள் அமிழ்ந்து மறைந்திருக்கின்றன. பாலியன் டுமிட்ரிகா 1970இல் ருமேனியப் படிவுகளிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டியபோது, தலை அமிழ்ந்தவை, மார்பு அமிழ்ந்தவை என்ற இரு நிலைகளைத் தெளிவுபடுத்தினார். ஹோலோகிரிப்டோகானியம், வில்லிரீடெல்லம், ஜமோய்டெல்லம் ஆகிய பேரினங்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அடையாளம் காண மூன்று தடயங்கள் உதவும். பந்தின் ஒரு முனையில் துளைகள் சிறுத்து, ஒரு குமிழ் எட்டிப் பார்க்கும். அதற்கு நேர் எதிர்முனையில் பெரும்பாலும் சுருங்கிய ஒரு வாய் இருக்கும். மார்பறையும் வயிற்றறையும் சேரும் கோட்டில், மற்றத் துளைகளிலிருந்து மாறுபட்ட ஒற்றை இணைப்புத் துளை சில பேரினங்களில் தெரியும். பந்தை ஊசியால் உருட்டி எல்லாப் பக்கமும் பார்த்த பிறகே முடிவெடுங்கள்; ஒரே பக்கத்தைக் காட்டும் ஒரு புகைப்படத்தை வைத்து இவற்றுக்குப் பெயரிடுவதை நான் ஏற்பதில்லை.

அல்பைலெல்லேரியன் ஓடு ஒன்று ஜுராசிக் மாதிரியில் தென்பட்டால் வியக்க வேண்டாம், சந்தேகப்படுங்கள். அது பழைய பாறையிலிருந்து அரித்து வந்து மீண்டும் படிந்தது.

ஐந்தாம் படி: உள்ளமைப்பைப் படித்தல்

நாசெல்லேரியாவின் தலையறைக்குள் ஒரு தொடக்க ஸ்பிக்கியூல் இருக்கிறது. நடுவே ஒரு குறுந்தண்டு. அதன் இரு முனைகளிலிருந்தும் மேல்நோக்கியும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் கதிர்கள் கிளம்புகின்றன. மேல்நோக்கிய கதிர் வெளியே நீண்டால் அதுவே உச்சிக்கொம்பு. பக்கக் கதிர்கள் நீண்டு வெளியேறினால் அவை பாதங்களாகின்றன. இந்தக் கதிர்கள் எத்தனை, அவற்றை இணைக்கும் வளைவுகள் எவை, தலையறைக்கும் மார்பறைக்கும் இடையே எத்தனை திறப்புகள் உள்ளன என்பவையே குடும்பத்தைத் தீர்மானிக்கின்றன. மீசோசோயிக் ஓடுகளில் இது முழுமையாகத் தெரிவது அரிது. தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்று குறிப்பில் எழுதிவைத்தால், பின்னால் வருபவருக்கு அது பெரும் உதவி.

ஸ்பூமெல்லேரியாவில் புறவோட்டுக்குள் அகவோடு எத்தனை, அவற்றை இணைக்கும் தண்டுகள் எங்கே தொடங்குகின்றன, புறவோடு ஒழுங்கான சட்டமிட்ட துளைகளால் ஆனதா அல்லது பஞ்சுபோன்ற பின்னலா என்று பாருங்கள். முட்களின் குறுக்குவெட்டும் முக்கியம். மீசோசோயிக் ஓடுகளில் மூன்று விளிம்புகளும் மூன்று பள்ளங்களும் கொண்ட மூவலகு முட்கள் மிகப் பொதுவானவை. ஆனால் பிந்தைய டிரையாசிக்கின் கேப்னோடோசே என்ற பேரினத்தில் முட்கள் குழாய்போல் உள்ளீடற்றவை. அவ்வகை முள்ளின் உடைந்த துண்டு ஒன்று கிடைத்தாலே மாதிரியின் வயது கணிசமாகச் சுருங்கிவிடும்.

சனியின் வளையம்போல் ஓட்டைச் சுற்றி வளையமிட்ட சாட்டர்னாலிட்கள் டிரையாசிக் முதல் இன்றுவரை உள்ளன. வளையம் மட்டும் தனியே கிடைப்பதே வழக்கம். வளையத்தின் குறுக்குவெட்டு, வெளிமுட்களின் எண்ணிக்கை, உள்ளோட்டைத் தாங்கும் கதிர்கள் வளையத்தில் பொருந்தும் இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; வளையத்தின் வட்டம், நீள்வட்டம் போன்ற வெளிக்கோடு அதற்கடுத்ததே.

ஆறாம் படி: பேரினத்தை அடைதல்

மேற்பரப்பு அலங்காரத்துக்கு இங்கே இடம் வருகிறது. பான்டனெல்லியம், பெட்ராக்கியம், கோர்கான்சியம் மூன்றும் பெரிய ஐங்கோண, அறுகோணத் துளைச்சட்டங்கள் கொண்ட உறவினர்கள். இரு துருவங்களிலும் ஒவ்வொரு மூவலகு முள் இருந்தால் பான்டனெல்லியம். ஒரே தளத்தில் மூன்று முட்கள் சமகோணத்தில் விரிந்தால் பெட்ராக்கியம். அது பிந்தைய டிரையாசிக்கின் அடையாளம். மூன்று முட்கள் சமமற்ற கோணங்களில் நின்றால் கோர்கான்சியம். கடைசி இரண்டிலும் முட்களின் எண்ணிக்கை ஒன்றே, கோணம்தான் வேறு. ஹெக்கலின் எண்ணும் முறை தடுமாறும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

பல அறை நாசெல்லேரியன்களில் நெடுக்கு வரிகளைப் பாருங்கள். வரிகள் தலையிலிருந்து அடிவரை இடையறாது ஓடி, வெளிக்கோடு ஒடுக்கமின்றி இருந்தால் ஆர்கியோடிக்டியோமிட்ரா பக்கம் செல்லுங்கள். அறைக்கு அறை ஒடுக்கம் தெரிந்து, அங்கே வரிகள் அறுந்தால் சூடோடிக்டியோமிட்ரா. வரிகள் துண்டுதுண்டாக, ஒன்றுக்கொன்று ஒத்திசையாமல் இருந்தால் ஹ்சுவம். நெடுக்கு வரிகளுக்குப் பதிலாகக் குறுக்கு வளையமேடுகளும் அவற்றுக்கிடையே துளைவரிசைகளும் இருந்தால் பார்விசிங்குலாவும் அதன் உறவினர்களும். கதிர்க்கோல்போல் நடுவே பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய பேருருவம் என்றால் மிரிஃபுசஸ். பார்விசிங்குலா வகையினர் மிகுந்து பான்டனெல்லிட்கள் இல்லாமற்போவதை உயர் அகலாங்கின் குளிர்ந்த கடலுக்கு அடையாளமாகப் பெசாக்னோ கொண்டார். வடிவத்தோடு வாழிடத்தையும் சேர்த்துப் படிக்க இது வழிகாட்டியது.

பேரினப் பெயரைச் சரிபார்க்க 2009இல் லூயிஸ் ஓடோகெர்டியும் குழுவினரும் வெளியிட்ட மீசோசோயிக் பேரினப் பட்டியல் மேசையில் இருக்க வேண்டும். பேரினங்களின் வகைச்சிற்றினம் (பேரினப் பெயருக்கு அடிப்படையான சிற்றினம்), செல்லுபடி நிலை, கால எல்லை ஆகியவற்றை அது தருகிறது. ஒரே உயிரிக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் விலங்கியல் பெயரிடல் விதிப்படி முந்தையதே நிற்கும் என்பதால், பழைய கட்டுரையில் கண்ட பெயரை அப்படியே எடுத்து எழுதக் கூடாது.

ஏழாம் படி: சிற்றினம்

மத்திய ஜுராசிக்கின் ஸ்ட்ரையாடோஜப்பனோகாப்சாவை எடுத்துக்கொள்வோம். உருண்டையான சிறிய ஓடு, மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புவரிகள், அவற்றுக்கிடையே துளைவரிசைகள், அடியில் ஒரு சிறு இணைப்புறுப்பு. இதில் பிளிகேரம் என்ற சிற்றினத்தை யாவோ 1979இலும், கோனெக்ஸா என்ற சிற்றினத்தை அட்சுஷி மட்சுவோகா 1983இலும் டிரைகோலோகாப்சா என்ற பேரினத்தின் கீழ் விவரித்தார்கள். பேரினம் பின்னர் மாற்றப்பட்டது. முன்னதிலிருந்து பின்னது பரிணமித்தது என்பதே இன்றைய புரிதல். அதனால் இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவங்கள் கிடைப்பது பிழையல்ல, எதிர்பார்க்க வேண்டியதே. அப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை ஓட்டை வைத்து வாதிடாமல், அதே மாதிரியிலிருந்து இருபது முப்பது ஓடுகளின் அகலம், உயரம், அடி இணைப்புறுப்பின் அளவு ஆகியவற்றை அளந்து, கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும்.

யூசிர்டிடியெல்லம் பேரினமும் இதே போன்ற பயிற்சிக்களம். உனுமாஏன்சே, டிக்டம், பிரமிஸ் என்ற சிற்றினங்களைப் பிரிப்பதில் வயிற்றறையின் மேற்பரப்பு முக்கியமானது. மழுமழுப்பாக இருந்தது காலப்போக்கில் நெடுக்கு மடிப்புகள் பெறுகிறது. அமிலத்தில் அதிகம் தேய்ந்த டிக்டம் ஓட்டின் மடிப்புகள் மங்கி, மூத்த சிற்றினம்போலத் தோன்றும். இரண்டாம் படியில் காட்டிய அவசரத்துக்கு ஏழாம் படியில் விலை கொடுக்க நேரும்.

பெயர் உறுதியாகாதபோது துறை வழக்கப்படி தயக்கத்தையும் எழுதலாம். சிற்றினத்தோடு ஒப்பிடத்தக்கது ஆனால் பாதுகாப்பு போதாது என்றால் ‘சிஎஃப்.’ என்றும், உறவுடையது ஆனால் வேறுபட்டது என்றால் ‘அஃப்.’ என்றும், பேரினம் மட்டுமே தெரிந்தால் ‘எஸ்பி.’ என்றும் குறியிடுங்கள். பட்டியலில் பாதி ‘எஸ்பி.’யாக இருப்பதில் வெட்கமில்லை. தவறான சிற்றினப் பெயர் ஒன்று அச்சேறிவிட்டால், அதன் கால எல்லை பொய்யாக நீண்டு, அடுத்தவரின் மண்டலக் கணக்கையும், அதாவது புதைபடிவங்களால் பிரித்த வயதுப் பகுதிகளின் கணக்கையும், கெடுத்துவிடும்.

எட்டாம் படி: வயதைக் கூறுதல்

ஒரு சிற்றினத்தை மட்டும் வைத்து வயது கூறக் கூடாது, கூட்டத்தை வைத்துக் கூற வேண்டும். மேற்குப் பசிபிக்குக்கும் ஜப்பானுக்கும் மட்சுவோகா 1995இல் முன்வைத்த ஏற்பாட்டில் ஜுராசிக் எட்டு மண்டலங்களாகப் பிரிகிறது. பிளிகேரம் மண்டலம் நான்காவது, கோனெக்ஸா மண்டலம் ஐந்தாவது. பண்டைய டெத்திஸ் கடற்பகுதிக்கு அதே ஆண்டில் பீட்டர் பாம்கார்ட்னரும் பன்னாட்டுக் குழுவினரும் வெளியிட்ட தொகுப்பு, மத்திய ஜுராசிக் முதல் முற்காலக் கிரெட்டேசியஸ் வரை 22 மண்டலங்களைத் தருகிறது. அது ஜான் கெக்ஸ் உருவாக்கிய ஒருங்கிணைவுக் கூட்ட முறையைப் பின்பற்றுகிறது. ஒரு சிற்றினம் முதலில் தோன்றிய இடத்தைவிட, எவை எவற்றோடு சேர்ந்து கிடைக்கின்றன, எவை ஒருபோதும் சேர்வதில்லை என்பதற்கே அம்முறை எடை தருகிறது. பாதுகாப்பு மோசமான செர்ட்டில் ‘முதல் தோற்றம்’ என்பது பெரும்பாலும் ‘முதலில் நன்றாகப் பாதுகாக்கப்பட்ட இடம்’ என்பதாகவே இருப்பதால், இந்த அணுகுமுறையே எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது.

சேற்றுப்பாறையில் ஸ்ட்ரையாடோஜப்பனோகாப்சா பிளிகேரமும் கேப்னோடோசேவும் ஒன்றாகக் கிடைத்தால் என்ன செய்வது? பிந்தைய டிரையாசிக் ஓடு அரித்து வந்தது, மத்திய ஜுராசிக் ஓடு அங்கேயே படிந்தது. வயதை இளையது தீர்மானிக்கும். இனுயாமா போன்ற நிலங்களில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. ஆழ்கடல் தரையில் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் படிந்த செர்ட், புவித்தட்டு நகர்ந்து கண்டத்தின் விளிம்பை நெருங்கியதும் சேற்றாலும் பிறகு மணலாலும் மூடப்பட்டது. ஆகவே சேற்றுப்பாறையின் ரேடியோலேரியன்கள், அந்தக் கடற்தரை கண்டத்தோடு வந்து ஒட்டிய காலத்தையே நெருங்கிக் காட்டுகின்றன.

ஒன்பதாம் படி: பதிவு

பெயரிட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும் மாதிரி எண், கரைத்த முறை, அமிலத்தின் செறிவு, ஊறிய நேரம், படத்தின் அளவுகோல் ஆகியவை சேர்ந்தே இருக்க வேண்டும். நுண்ணோக்கிக் கண்ணாடித்தகட்டில் பதித்த ஓட்டின் இடத்தை இங்கிலாந்து ஃபைண்டர் என்னும் கட்டமிட்ட தகட்டின் கட்ட எண்ணால் குறித்தால், முப்பது ஆண்டு கழித்து வருபவரும் அதே ஓட்டைத் தேடிப் பார்க்க முடியும். கரைக்காத பாறைத்துண்டு ஒன்றையும் பொறுக்கி முடித்த படிவையும் தனித்தனிக் குப்பிகளில் போட்டு, குப்பியின் வெளியே ஒரு சீட்டும் உள்ளே ஒரு சீட்டுமாக எழுதிவையுங்கள். வெளியே ஒட்டிய சீட்டுதான் முதலில் உதிரும்.